செல்ஃப் அடிக்கும் முன்னால்: ஒரு பைக் மெக்கானிக்கின் கேள்வி-பதில்

நியூட்ரல் விளக்கு எரிந்தது. வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே செல்ஃபை அழுத்தினேன். வண்டி எகிறிப் போய்ச் சுவரில் முட்டியது. விளக்கு எரிந்தும் எப்படி?

அந்த விளக்கை எரியவைப்பது கியர்பாக்ஸில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். அதன் ஒயர் எங்காவது உரசித் தோல் போய் எஞ்சின் உடம்பில் பட்டுவிட்டால், வண்டி கியரில் இருந்தாலும் பச்சை விளக்கு எரியும். பல வண்டிகளில் செல்ஃப் மோட்டாருக்கு அனுமதி கொடுப்பதும் அதே சுவிட்ச்தான். அதனால் நீங்களும் ஏமாந்தீர்கள், வண்டியும் ஏமாந்தது.

விளக்கைப் பாருங்கள், ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். கிளட்சைப் பிடிக்காமல் வண்டியை அரை அடி முன்னும் பின்னும் உருட்டுங்கள். சக்கரம் தாராளமாக ஓடினால் நியூட்ரல். 'டக்' என்று பிடித்து நின்றால் கியர். அப்புறம் வண்டி மேல் உட்கார்ந்து, இடது கையால் கிளட்சை முழுசாகப் பிடித்து, வலது கையின் இரண்டு விரலை முன் பிரேக்கில் வைத்து, கட்டைவிரலால் செல்ஃபை அழுத்துங்கள். பக்கத்தில் நின்று ஸ்டார்ட் செய்வது எனக்கும் ஒரு காலத்தில் பழக்கம்தான். பழுதுக்கு வந்த ஒரு வண்டி ஃபுட்ரெஸ்ட்டால் என் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டுப் போன அன்றோடு விட்டேன். தழும்பு இன்னும் இருக்கிறது.

இன்னொன்று. வாரக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது உண்டு. அப்போது கிளட்சைப் பிடித்திருந்தாலும், முதல் கியர் போட்டதும் வண்டி ஒரு துள்ளு துள்ளும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே கியர் போட்டு, கிளட்சைப் பிடித்தபடி முன்னும் பின்னும் சில தடவை ஆட்டினால் பெரும்பாலும் விட்டுவிடும்.

மழை நாளில் ஷெட் கதவைச் சாத்திவைத்தே வண்டியைச் சூடாக்குகிறேன். புகை எதுவும் தெரிவதில்லை. தவறா?

தவறு. உடனே நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியும் புகையைப் பற்றியே இல்லை என் கவலை. கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை அது ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று வரும். பல பேர் சாப்பிடாத மயக்கம் என்று நினைத்து அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள். அதுவும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கூடுதலாகப் போகும், புகையின் நச்சைக் குறைக்க சைலன்சரில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரோ சூடேறினால்தான் வேலை செய்யும். ஆக, ஸ்டார்ட் ஆன முதல் ஓரிரு நிமிடத்தில் வருவதுதான் மோசமான காற்று. கதவைப் பாதி திறந்து வைப்பது போதாது. வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து ஸ்டார்ட் செய்யுங்கள். நனைந்தால் நனையட்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை நன்றாக முறுக்கிவிட்டால் எஞ்சின் சீக்கிரம் சூடாகும் என்கிறார்களே?

சூடாகும், தேயவும் செய்யும். ராத்திரி முழுக்க ஆயில் கீழே இறங்கிக் கிடக்கும். மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரை ஏறிவர அதற்குச் சில நொடி வேண்டும். 30 நொடியோ ஒரு நிமிடமோ தானாக ஓடட்டும். பிறகு முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போனால் போதும். பத்து நிமிடம் நிறுத்தி வைத்து உறுமவிடுவது பெட்ரோலுக்குத்தான் கேடு. கார்புரேட்டர் வண்டி என்றால் ஸ்டார்ட் செய்ய இழுத்த சோக்கைத் திரும்பத் தள்ளிவிட்டீர்களா என்று ஒருமுறை பாருங்கள். ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் 'ஙொய்ங்' என்று பம்ப் ஒலிக்கும். அது ஓய்ந்த பிறகு செல்ஃப்.

செல்ஃபை எவ்வளவு நேரம் அழுத்தலாம்?

ஒரு தடவைக்கு 5 நொடி. பிறகு பத்துப் பதினைந்து நொடி விட்டு மறுபடி. விடாமல் அழுத்தினால் பேட்டரி இறங்கும், மோட்டார் சுடும். 'டிக் டிக்' சத்தம் மட்டும் வந்தால் பேட்டரியையும் அதன் டெர்மினலையும் பாருங்கள். சத்தமே இல்லையா? முதலில் ஹேண்டிலில் எஞ்சினை அணைக்கும் கில் சுவிட்ச்சைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், அதைப் பார்க்காமல் என்னிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம்.

கிக்கர் திருப்பி அடித்து அப்பாவுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. எப்படித் தவிர்ப்பது?

அரைகுறையாக உதைப்பதால்தான் அது பெரும்பாலும் நடக்கும். கிக்கரை மெதுவாக அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், ஓரிடத்தில் கெட்டியாகும். அந்த இடத்தைச் சற்றே தாண்டவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு உடம்பு எடையைப் போட்டு ஒரே மூச்சில் கடைசி வரை. முழங்காலை விறைப்பாக வைக்க வேண்டாம். செருப்புக் காலோடு வேண்டவே வேண்டாம், ஷூ போடட்டும். இப்படிச் செய்தும் அடிக்கடி திருப்பி அடித்தால் குறை காலில் இல்லை, பிளக் பொறி விடும் நேரத்தில், அதாவது இக்னிஷன் டைமிங்கில் இருக்கலாம், வண்டியைக் காட்டிவிடுங்கள்.

சென்டர் ஸ்டாண்டு போட்டு ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யலாமா? பையன் ஓடிவந்து ஆக்ஸிலேட்டரைத் திருகுகிறான்.

செய்யலாம், பின் பிரேக்கை விடாமல் பிடித்திருந்தால். கியர் இல்லாத வண்டியில் ஆக்ஸிலேட்டர் ஏறினாலே பின் சக்கரம் சுற்றத் தொடங்கும். அந்த வேகத்தில் ஸ்டாண்டிலிருந்து இறங்கினால் வண்டி பாய்ந்துவிடும். பையன் தூரமாக நிற்கட்டும், ஸ்டார்ட் செய்யாத நேரத்தில் சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.