‘த மோர்… த மோர்…’னு வர்ற இங்கிலீஷ் வாக்கியத்த பேச்சுல எப்படி யூஸ் பண்றது?

கேள்வி கேட்டவர் தான் எழுதின வாக்கியத்தையும் கொடுத்திருக்கார்: ‘ஹவ் மச் ஐ ப்ராக்டிஸ், தட் மச் ஐ ஃபர்கெட்’. எவ்வளவு பழகுறேனோ அவ்வளவு மறந்து போகுதுன்னு சொல்ல வந்திருக்கார், இது சரியான்னு கேக்குறார். சரி இல்லங்க. ஆனா சிரிக்கிற நெலமைல நான் இல்ல, இதே தப்ப ஆபீஸ் மெயில்லயே பண்ணவன் நான்.

வேலைக்குச் சேந்த புதுசு. ஒரு கிளையன்ட் அப்ரூவல் தராம இழுத்துக்கிட்டே இருந்தாங்க. எவ்வளவு லேட் பண்றீங்களோ அவ்வளவு செலவு கூடும்னு நாசூக்கா சொல்றதா நெனச்சு ‘ஹவ் மச் யூ டிலே, தட் மச் காஸ்ட் வில் இன்க்ரீஸ்’னு தட்டி அனுப்பிட்டேன். அரை மணி நேரத்துல பதில்: ‘டூ டேஸ், மேபி த்ரீ’. அவங்க முதல் பாதிய கேள்வியா படிச்சிருக்காங்க, எத்தன நாள் லேட் ஆகும்னு நான் விசாரிக்கிறேனாம்! எச்சரிக்கை விட்டவனுக்கு கால அட்டவணை வந்து சேந்துச்சு. நான் எழுதியிருக்க வேண்டியது ‘த லாங்கர் யூ டிலே, த மோர் இட் வில் காஸ்ட்’. அவ்வளவுதான்.

நம்ம மண்டைல ‘எவ்வளவு’ன்னா ‘ஹவ் மச்’, ‘அவ்வளவு’ன்னா ‘தட் மச்’னு ஒட்டிக்கிச்சு, அதான் சிக்கல். இங்கிலீஷ்ல அந்த அளவ காட்டுற வேலைய ‘த’ங்கற குட்டி வார்த்தையே பாத்துக்குது. இது நம்ம ஸ்கூல்ல படிச்ச ஆர்டிக்கிள் ‘த’ இல்ல. பழைய இங்கிலீஷ்ல சுட்டுச்சொல்லுக்கு நம்ம மூன்றாம் வேற்றுமை மாதிரி ஒரு உருவம் இருந்துச்சு, ‘அதனால, அந்த அளவுக்கு’ன்னு அர்த்தம் வர்ற மாதிரி. அதோட மிச்சம்தான் இது. ‘நெவர்த்லெஸ்’ங்கற வார்த்தைக்கு நடுவுல ஒரு ‘த’ சம்பந்தமே இல்லாம உக்காந்திருக்கே, அதுவும் இதேதான். ‘நன் த வைசர்’னு சொல்றாங்களே, கேட்டும் ஒண்ணும் கூடுதலா புரியலன்னு, அங்கயும் இதேதான். ஆக ‘த’வே அளவ சொல்லிடுது, நீங்க தனியா ‘ஹவ் மச்’சைக் கூட்டிட்டு வர வேணாம்.

இத கத்துக்க ‘எவ்வளவு அவ்வளவு’ வழியா போகாதீங்கன்னுதான் நான் சொல்வேன். தமிழ்லயே இன்னொரு வழி இருக்கு, பேச்சுல நாம அதைத்தான் அதிகம் புழங்குறோம்: ‘படிக்கப் படிக்க’, ‘யோசிக்க யோசிக்க’, ‘வயசு ஆக ஆக’. வாய்ல இப்படி இரட்டையா ஒண்ணு வந்தா உடனே ‘த மோர்’ ஞாபகம் வரணும். யோசிக்க யோசிக்க அந்த ஐடியா பிடிக்காமப் போகுது, ‘த மோர் ஐ திங்க் அபவுட் இட், த லெஸ் ஐ லைக் இட்’. வயசு ஆக ஆக தூக்கம் கொறையுது, ‘த ஓல்டர் ஐ கெட், த லெஸ் ஐ ஸ்லீப்’. இதுல ‘ஆக ஆக’ங்கறதுதான் ‘கெட்’டா மாறுது பாருங்க, இருட்ட இருட்டன்னா ‘த டார்க்கர் இட் கெட்ஸ்’.

ஆனா இங்க ஒரு பொறி இருக்கு, நானே ரெண்டு மூணு தடவ விழுந்திருக்கேன். இரட்டையா வர்றதெல்லாம் ‘த மோர்’ ஆகாது. ‘போகப் போக சரியாயிடும்’னா அங்க யாரும் எங்கயும் போகல, நாளாவட்டத்துலன்னு அர்த்தம், ‘இட் வில் கெட் பெட்டர் வித் டைம்’னு முடிச்சிடணும். ‘நான் சொல்லச் சொல்ல கேக்காம கெளம்பிட்டான்’னா சொல்லிக்கிட்டு இருக்கும்போதேன்னு அர்த்தம், அதுக்கு ‘த மோர் ஐ டோல்ட் ஹிம்’னு ஆரம்பிச்சா வேற கதை ஆயிடும். ஒரு சின்ன சோதனை போதும்: ரெண்டு விஷயம் இருக்கணும், ஒண்ணு ஏறும்போது இன்னொண்ணும் கூடவே ஏறணும் இல்ல இறங்கணும். அப்படி இருந்தா மட்டும் ‘த மோர்’. ஒரே விஷயம் தானா ஏறிக்கிட்டே போனா ‘கோல்டர் அண்ட் கோல்டர்’, ‘மோர் அண்ட் மோர்’, அங்க ‘த’வுக்கு வேலையே இல்ல.

அடுத்தது வார்த்தை வரிசை, நெறைய பேர் மாட்டுறது இதுலதான். ‘த மோர்’ எந்த வார்த்தையப் பத்திப் பேசுதோ அந்த வார்த்தையும் அது கையப் பிடிச்சுக்கிட்டு முன்னாடியே வந்துடணும். ‘த மோர் யூ ரீட் புக்ஸ்’னு சொன்னா புத்தகம் கொஞ்சமா கெடந்தாலும் வாசிக்கிற வேலை கூடுதுன்னு போகும், புத்தகத்தோட எண்ணிக்கைதான் விஷயம்னா ‘த மோர் புக்ஸ் யூ ரீட்’. ‘த மோர் த ஃபோன் இஸ் எக்ஸ்பென்சிவ்’ சுத்தமா தப்பு, ‘த மோர் எக்ஸ்பென்சிவ் த ஃபோன் இஸ்’தான் சரி. ‘த மோர் ஈஸியர்’லாம் வேண்டவே வேண்டாம், ‘ஈஸியர்’லயே ‘மோர்’ அடக்கம். அதுக்கப்புறம் எழுவாய், வினை எல்லாம் சாதாரண வாக்கியம் மாதிரியே. நாளைக்கு நடக்கப் போறதுன்னாலும் முதல் பாதில ‘வில்’ போடாதீங்க, அது ‘இஃப்’ மாதிரி ஒரு நிபந்தனைதான்: ‘த சூனர் யூ ஸ்டார்ட், த சூனர் யூ வில் ஃபினிஷ்’.

பேச்சுல வினையையே முழுங்கிடுவாங்க. எப்ப அனுப்பட்டும்னு கேட்டா ‘த சூனர், த பெட்டர்’. நானும் வரலாமான்னு கேட்டா ‘த மோர், த மெரியர்’, அதாவது ஆள் கூடக் கூட கொண்டாட்டம். இது பழைய ஆளு, 1546ல அச்சான இங்கிலீஷ் பழமொழித் தொகுப்புலயே இருக்கு, அங்க கூடவே ஆள் கொறையக் கொறைய சாப்பாடு நல்லா கெடைக்கும்னு ஒரு எதிர்ப்பாட்டும் உண்டு. அந்த ரெண்டாவது பாதிய விருந்துக்குக் கூப்பிடுறவங்க யாரும் சொல்றதில்ல.

நம்ம பழைய தமிழ்லயும் இதுக்குத் தனி உருவம் இருந்துச்சு, ‘தோறும்’. குறள் 1110ல ‘அறிதோறு அறியாமை கண்டற்றால்’னு வருது, அறிய அறிய முன்னாடி இருந்த அறியாமை தெரியுதாம். ‘த மோர் யூ நோ, த மோர் யூ ரியலைஸ் யூ டோன்ட் நோ’ன்னு இங்கிலீஷ்காரங்க அடிக்கடி சொல்றதும் கிட்டத்தட்ட இதேதான். என்ன, வள்ளுவர் அத காமத்துப்பால்ல, காதலி பக்கத்துல இருக்கும்போது சொல்லி வச்சிருக்கார்.

உங்க வாக்கியத்துக்கு வர்றேன்: ‘த மோர் ஐ ப்ராக்டிஸ், த மோர் ஐ ஃபர்கெட்’. கிராமர் இப்ப பக்கா. பழகப் பழக ஏன் மறக்குதுங்கறதுக்கு தனியா ஒரு கேள்வி போடுங்க, அதுக்கு பதில் என்கிட்ட இல்ல.