பணப்பெட்டியும் பணிவிடையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் நிறுவனத்தில் மேலாளர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில், ‘பணிவிடை செய்பவனே தலைவன்’ என்பதற்கு ஆதித் திருச்சபையை முன்மாதிரியாகக் காட்டினார்கள். அன்றைய தலைவர்கள் உண்மையிலேயே அப்படி நடந்துகொண்டார்களா, அல்லது அது பிற்காலத்தவர் பூசிய மெருகா? ஏழைகளுக்குச் சோறு போட்டதே ஆள் சேர்க்கத்தான் என்று என் நண்பர் வாதிடுகிறார். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கி.

அன்புள்ள கி.,

உங்கள் நண்பரின் குற்றச்சாட்டு மிகப் பழையது. கிறிஸ்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பிய ரோமப் பேரரசர் ஜூலியன், தின்பண்டம் காட்டிக் குழந்தைகளைக் கப்பலேற்றி விற்றுவிடுபவர்களோடு கிறிஸ்தவர்களை ஒப்பிட்டார். அவரே 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதும்போது, தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் அவர்களே காப்பாற்றுவது நமக்கு வெட்கக்கேடு என்று அங்கலாய்த்து, ஊர்தோறும் விடுதிகள் அமைக்கச் சொல்லி, ஆண்டுக்கு 30,000 மரக்கால் அளவு கோதுமையும் ஒதுக்கினார். தர்மத்தைக் கண்டு ஆள் சேர்ந்திருக்கலாம்; அதற்காகவே தர்மம் செய்தார்கள் என்பது வேறு வாதம்.

தலைமை பற்றிய கேள்விதான் சிக்கலானது. புதிய ஏற்பாட்டில் உள்ள அப்போஸ்தலர் நடபடிகளின் 6ஆம் அதிகாரத்தில், அன்றாடப் பங்கீட்டில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று எருசலேம் சபையில் கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிடுகிறார்கள். தேவவசனத்தை விட்டுவிட்டுப் பந்தி விசாரிப்பது தங்களுக்குத் தகுதியல்ல என்று சொல்லி, இயேசுவின் சீடர்களான பன்னிரு அப்போஸ்தலர்களும் அந்த வேலையை எழுவரிடம் ஒப்படைக்கிறார்கள். உங்கள் பயிற்சியாளர் இந்த இடத்தைச் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று: ஸ்தேவான், பிலிப்பு முதலாக அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள், அதாவது, குறை சொன்ன தரப்பின் கையிலேயே பங்கீடு போயிருக்க வேண்டும்.

2ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிறுதோறும் சேரும் காணிக்கை கூட்டத்தை நடத்துபவரிடம் ஒப்படைக்கப்படுவதையும், அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டவர்கள், அந்நியர்கள் ஆகியோரை அவரே கவனிப்பதையும் விவரிக்கிறார். 251 வாக்கில் அதே நகரத்தின் ஆயர் கொர்னேலியு தம் சபையின் கணக்கைத் தருகிறார்: 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள் (ஆயருக்கு உதவும் பணியாளர்கள்), சபையின் ஆதரவில் 1,500க்கும் மேற்பட்ட விதவைகளும் வறியவர்களும். இது சிறு அரசாங்கம் போன்றது. அன்றாட அப்பத்தைக் கையில் வைத்திருப்பவரின் சொல்லுக்கு மறுசொல் சொல்வது எளிதல்ல. ஆயர்களின் அதிகாரம் வளர்ந்ததற்கு இந்தப் பணப்பெட்டி முக்கியமான காரணங்களில் ஒன்று என்பதே என் எண்ணம்.

இந்த ஆபத்தை அவர்களும் அறிந்திருந்தார்கள். எருசலேமின் ஏழைகளுக்குத் திரட்டிய பணத்தை, கொரிந்தியர் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஆட்களின் கையில் அனுப்பலாம் என்று பவுல் எழுதினார். ஊர் ஊராகச் சுற்றும் போதகர் பணம் கேட்டால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்று ‘டிடாக்கே’ என்னும் பழைய கையேடு விதித்தது.

விதி இருந்தும் என்ன நடந்தது என்பதற்கு, இன்றைய அல்ஜீரியாவில் உள்ள சிர்த்தா நகரத்து ஆவணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 303இல் ரோம அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியபோது அதிகாரிகள் அங்கிருந்த சபை வீட்டைச் சோதனையிட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள். பொன், வெள்ளிப் பாத்திரங்களோடு, பெண்களின் உள்ளங்கிகள் 82, முக்காடுகள் 38, ஆண்களின் உள்ளங்கிகள் 16, பெண்களின் காலணிகள் 47 இணை, ஆண்களின் காலணிகள் 13 இணை. தானமாகக் கொடுப்பதற்கென்று சேர்த்துவைத்தவையாகவே இவை தெரிகின்றன. பெண்களுக்கான உடைகள் இவ்வளவு கூடுதலாக இருப்பது, கை நீட்டி நின்றவர்களில் விதவைகளே அதிகம் என்பதையும் காட்டுகிறது.

அன்று வெள்ளிப் பொருள்களை எடுத்துக் கொடுத்தவர்களில் ஒருவரான சில்வானு பின்னர் அவ்வூரின் ஆயரானார். 320இல் ஆளுநர் செனோபிலு முன்னிலையில் அவர்மீது விசாரணை நடந்தது. லூசில்லா என்னும் செல்வந்தப் பெண் கொடுத்த 400 பணமுடிப்புகளை ஆயர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள் என்றும், மக்களுக்கு அதிலிருந்து எதுவும் போய்ச்சேரவில்லை என்றும் சாட்சிகள் சொன்னார்கள். குற்றம் சாட்டியவர் வெளியாள் அல்லர். சில்வானுவின் கீழ் டீக்கனாக இருந்த நுந்தினாரியு. 303இல் எழுதப்பட்ட அந்தப் பட்டியலும் அதே விசாரணையில் வாசிக்கப்பட்டது.