டர்போவுக்கு முன் பிஸ்டன்: கேள்வி பதில்

ஆம்பூரிலிருந்து: அண்ணே, 1.3 லிட்டர் மாருதி ஜிப்ஸிக்கு டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் கருவி) வைக்கப் போகிறேன். கம்ப்ரஷனை எவ்வளவு இறக்கணும்?

கம்ப்ரஷன் என்பது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற கணக்கு. முதலில் அது இப்போது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தீர்களா? சிலிண்டரின் மூடியான ஹெட்டை எத்தனை முறை ஸ்கிம்மிங் செய்து அடிப்பக்கத்தைச் சீவினார்களோ, யாருக்குத் தெரியும். வேலூர் ஆற்காடு ரோட்டில் மருந்துக்கடைக்கா பஞ்சம்? ஒரு சிரிஞ்ச் வாங்குங்கள். ஹெட்டைக் கவிழ்த்து, கலவை எரியும் அறையின் விளிம்பில் கிரீஸ் தடவி, துளையிட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டி, மண்ணெண்ணெய் விட்டு அளக்கலாம். அதோடு ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட்டின் தடிமனில் அடங்கும் இடம், பிஸ்டன் தலைக்கு மேல் நிற்கும் இடம் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

போர் (சிலிண்டரின் விட்டம்) 74, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75.5 மி.மீ. என்றால் ஒரு சிலிண்டர் சுமார் 325 சி.சி. கம்ப்ரஷன் 9 என்றால் மேலே மிஞ்சும் இடம் 40.6 சி.சி.; 8.5 ஆக்க 43.3 வேண்டும். வித்தியாசம் அரை டீஸ்பூன் இருமல் மருந்துதான்! சாதாரண பங்க் பெட்ரோல், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரோடு 0.5 பார் பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) என்றால் எனக்கு 8.5 போதும். 7.5-க்கு இறக்கினால் டர்போ எழும்பும் வரை வண்டி மாட்டு வண்டிதான்.

குடியாத்தம்: பிஸ்டனுக்குப் பதில் தடித்த கேஸ்கெட் போட்டால் செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான், ஆனால் வேண்டாம். பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்தில் 1 மி.மீ. அளவு இடுக்கு இருந்தால்தான் கலவை நடுவுக்குப் பீய்ச்சப்பட்டுச் சீக்கிரம் எரியும். அதை 2 ஆக்கினால் கம்ப்ரஷன் இறங்கும், நாக்கிங் (கலவை தானாகவே வெடித்துத் தட்டுவது) அதே அளவுக்கு இறங்காது. நடுவில் குழி உள்ள டிஷ் பிஸ்டன் வாங்குங்கள்.

காட்பாடி, கல்லூரி மாணவர்: ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) பிஸ்டனில் எந்த அலுமினியக் கலவை, 4032-ஆ, 2618-ஆ?

தம்பி, தினமும் ஓட்டும் வண்டிக்கு 4032. அதில் சிலிக்கான் சுமார் 12 சதவீதம் இருப்பதால் சூட்டில் குறைவாகவே விரியும், இறுக்கமாகப் பொருத்தலாம். 2618 அடி தாங்கும், ஆனால் அதிகம் விரிவதால் இடைவெளி கூடுதலாக விடணும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று தட்டும். சூடானால் அடங்கிவிடும், பயப்படாதே.

ராணிப்பேட்டை: ரிங் கேப் (பிஸ்டன் ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி) பழைய அளவே விடலாமா?

கூடாது. இதில் நானே சூடு பட்டவன். புது ரிங்கை அப்படியே மாட்டி ஏலகிரி ஏறினேன். 14 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டவில்லை, பின்னால் நீலப்புகை. பிரித்துப் பார்த்தால் ரிங்கின் இரு முனைகளும் முட்டிப் பளபளத்தன. ரிங்கைத் தாங்கும் பிஸ்டன் விளிம்பான ரிங் லேண்ட் உடைந்து கையோடு வந்தது. 74 மி.மீ. போருக்கு மேல் ரிங் 0.37 மி.மீ. அளவில் தொடங்குங்கள், பிஸ்டனோடு வரும் தாளில் வேறு சொன்னால் அதுதான் சரி. ரிங்கை சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளியபின் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விடுங்கள். கோணலாக நின்றால் அளவு பொய் சொல்லும்.

ஆரணி: ஆர்.சி.யில் ஏதாவது மாற்றணுமா?

இன்ஜினில் கை வைக்கும் முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும்.

வேலூர்: டிசம்பரில் நன்றாக ஓடியது, மே மாதத்தில் நாக்கிங் தட்டுகிறதே?

நம் ஊர் வெயில் 40-ஐத் தாண்டும்போது டர்போ உறிஞ்சுவதே சுடுகாற்று. கம்ப்ரஷனைக் குறை சொல்லாமல், உடனே பூஸ்டைக் குறைத்து ஓட்டுங்கள். அப்புறம் இன்டர்கூலருக்குக் காற்று போகிறதா பாருங்கள், பிளக் பொறி விடும் டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளுங்கள். அடுத்த டியூனிங்கை மத்தியான வெயிலில் செய்யுங்கள்.