பதிவு செய்யாத மின்னூலை டெலிகிராமில் போட்டுவிட்டால் என்ன செய்வது?

நீங்கள் 150 ரூபாய்க்கு விற்கும் ஊறுகாய்ச் செய்முறை மின்னூலை யாரோ டெலிகிராம் சேனலில் இலவசமாகப் போட்டுவிட்டார், அதற்குப் பதிப்புரிமைப் பதிவும் இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிவு செய்யாவிட்டாலும் பதிப்புரிமை உங்களுடையதுதான். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. நீங்கள் எழுதியபோதே உரிமை வந்துவிட்டது. அதனால் அந்தக் கோப்பைப் போட்டவர் மீது தாராளமாகப் புகார் செய்யலாம்.

பணம் கட்டியவர்களுக்கு கூகுள் டிரைவ் லிங்க் அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். கசிவு அங்கிருந்துதான் என்று நினைக்கிறேன். பிரவுசரில் இன்காக்னிட்டோ சன்னல் திறந்து, எந்தக் கணக்கிலும் நுழையாமல் அந்த லிங்க்கைப் போட்டுப் பாருங்கள். கோப்பு திறந்தால் ஓட்டை அதுதான். இனி வாங்குபவரின் மின்னஞ்சலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவர் பெயரைப் போட்டு அனுப்புங்கள். கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனால் தன் பெயர் இருக்கும் கோப்பைப் பரப்பப் பலரும் தயங்குவார்கள்.

அப்புறம் புகார். சேனல் முகவரியும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, உங்கள் மூலக் கோப்பையும் சேர்த்து டெலிகிராமுக்கு எழுத்தில் அனுப்புங்கள். 2013 பதிப்புரிமை விதிகளின்படி, புகாரில் நியாயம் இருப்பதாகத் தெரிந்தால் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை முடக்க வேண்டும். ஆனால் அது 21 நாட்களுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு கைக்கு வராவிட்டால் கோப்பு திரும்பவும் வரலாம்.

இன்னொன்று, உங்கள் வரிகளுக்கும் படங்களுக்கும்தான் பாதுகாப்பு. அதே மாவடு ஊறுகாய்ச் செய்முறையை வேறொருவர் தன் சொற்களில் எழுதினால் தடுக்க முடியாது.