காதுக் கருவி போட்ட பிள்ளையைச் சாதாரணப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறோம். ஐந்து வயது மகனுக்கு இரண்டு காதிலும் ஹியரிங் எய்டு. தமிழில் ஓரளவு நன்றாகவே பேசுகிறான். சாதாரணப் பள்ளியில் சேர்க்கலாமா, சிறப்புப் பள்ளிதான் சரியா? வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலம் பேசச் சொல்கிறார்கள். மற்ற பிள்ளைகள் கேலி செய்வார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

சேர்க்கலாம். கருவியோடு பேச்சைப் பிடித்துக்கொள்கிறான், திருப்பிப் பேசவும் செய்கிறான் என்றால் தயங்க வேண்டாம். என் மகளுக்கும் இரண்டு காதிலும் கருவிதான். மாட்டுங்கா பக்கம் ஓர் ஆங்கிலவழிப் பள்ளியில் இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். ஆனால் பல பெற்றோர் சேர்க்கை கிடைத்ததும் நிம்மதிப் பெருமூச்சு விட்டுவிடுகிறார்கள். வேலையே அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பது வேறு, டீச்சர் சொல்வது அவன் காதில் விழுவது வேறு.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம். எங்களை ஒரு பள்ளி "எங்களிடம் ஸ்பெஷல் டீச்சர் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பியது. அது பிள்ளையை மறுக்கக் காரணமே ஆகாது. தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் கணக்கே சொல்லியிருக்கிறது.

மும்பையில் இன்னொரு சிக்கல் உண்டு. கான்வென்ட்கள் பலவும், தமிழர்கள் நடத்தும் பள்ளிகள் சிலவும் சிறுபான்மைப் பள்ளிகள். நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 சதவீத ஒதுக்கீடு அவற்றுக்குப் பொருந்தாது என்று 2014-ல் தீர்ப்பு வந்தது. அதைக் காட்டிக் கையை விரிப்பார்கள். 2016 சட்டம் வேறு என்று அமைதியாகச் சொல்லுங்கள். அரசு நிதி பெறும் பள்ளி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எல்லாவற்றையும் மனதில் வைத்துத்தான், பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று அது பேசுகிறது. யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் வாங்கவில்லை என்றால் இப்போதே விண்ணப்பியுங்கள். பின்னால் தேர்வுச் சலுகை கேட்கும்போதும் அதுதான் கைகொடுக்கும்.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். கண்ணாடி போட்டால் எழுத்து தெளிந்துவிடும், கருவி அப்படி இல்லை. இதை டீச்சருக்குப் புரியவைப்பதுதான் உங்கள் முதல் வேலை. கருவி டீச்சர் குரலோடு மின்விசிறியின் இரைச்சலையும், பெஞ்சு இழுக்கும் சத்தத்தையும், ஜன்னலுக்கு வெளியே போகும் பஸ் ஹாரனையும் சேர்த்தேதான் பெருக்கிக் கொடுக்கும். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் குறையும். வகுப்பறைக்குள்ளோ சுவர் எதிரொலி வேறு சேர்ந்து சொற்களைக் கலக்கிவிடும். காது மந்தமான பிள்ளைக்குப் பேச்சு விளங்க, சுற்றுச் சத்தத்தைவிட டீச்சர் குரல் 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பார்கள் ஆடியாலஜிஸ்டுகள், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்கள். சாலையை ஒட்டிய பள்ளியில் அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அது எப்படிக் கிடைக்கும்?

"முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறோம்" என்பார்கள். முதல் பெஞ்சைவிட, இரண்டாவது வரிசையில் ஓர் ஓரமாக, நன்றாகக் கேட்கும் காது வகுப்பின் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தால் நல்லது என்பது என் அனுபவம். டீச்சர் முகமும் தெரியும், திரும்பினால் பதில் சொல்லும் பிள்ளையின் முகமும் தெரியும். முதல் பெஞ்சின் நடுவில் இருந்தால் பின்னால் யார் பேசினாலும் அவனுக்கு அது வெறும் சத்தம். மின்விசிறிக்கு நேர் கீழேயும், தெருப்பக்க ஜன்னலை ஒட்டியும் வேண்டாம்.

டீச்சரிடம் கேட்க வேண்டியவை செலவில்லாதவை. போர்டில் எழுதிக்கொண்டே பேசாமல், எழுதி முடித்துத் திரும்பிப் பேசுவது. பின் வரிசைப் பிள்ளை சொன்ன பதிலை ஒரு தடவை தன் வாயால் சொல்வது. டிக்டேஷன் கொடுக்கும்போது வரிசைக்கு நடுவே நடக்காமல் ஓரிடத்தில் நிற்பது. இதையெல்லாம் வாயால் சொன்னால் அடுத்த வருடம் டீச்சர் மாறியதும் போய்விடும். ஒரு பக்கத்தில் எழுதி, ஆடியோகிராம் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) நகலோடு தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியருக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் ஒவ்வொரு ஜூனிலும் இதைச் செய்கிறோம்.

டிக்டேஷன் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலி மிக மெல்லியது, அதிர்வெண் அதிகமானது. 'கேட்ஸ்' என்று டீச்சர் சொன்னால் பிள்ளைக்கு 'கேட்' என்றுதான் விழும். என் மகளின் நோட்டில் இதற்கெல்லாம் 'கேர்லெஸ்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். கேட்காத ஒலிக்கு அலட்சியம் என்று பெயர் வைத்தால் ஒரு குழந்தை என்ன செய்யும்? எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் போகவில்லை. அடுத்த வருடம் வந்த மிஸ் காலையில் வருகைப் பதிவு எடுக்கும் முன் இவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்வார். லிங் சோதனை என்று பெயர். ஒரு நிமிடம்கூட ஆகாது. பேட்டரி தீர்ந்ததா, காதுக்குள் பொருத்தும் மோல்டில் அழுக்கு அடைத்ததா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்த மிஸ்ஸுக்கு நான் காலமெல்லாம் கடன்பட்டிருக்கிறேன்.

டீச்சர் கழுத்தில் மைக் மாட்டிக்கொண்டு, குரல் நேராகக் கருவிக்குப் போகும் வசதியும் உண்டு. விலை அதிகம்தான், ஆனால் சத்தமான வகுப்பில் அதற்கு ஈடில்லை. முடிந்தால் வாங்குங்கள். நாள் முழுக்க உற்றுக் கேட்பது உடலையும் களைக்க வைத்துவிடும். பள்ளி விட்டு வந்ததும் கருவியைக் கழற்றிவிட்டுச் சும்மா கிடக்க விடுங்கள். நேராக டியூஷனுக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்து, தமிழ். விடாதீர்கள். எங்களுக்கும் இதே யோசனை சொன்னார்கள். பள்ளியில் ஆங்கிலம், கட்டாய மராத்தி, கட்டடத்துப் பிள்ளைகளோடு இந்தி, இதில் தமிழ் எதற்கு என்றார்கள். குறைவாகக் கேட்கும் பிள்ளைக்கு நிறையப் பேச்சு வேண்டும், அதுவும் தங்குதடையில்லாத பேச்சு. கதை, கோபம், கொஞ்சல், சண்டை எல்லாம் நமக்கு எந்த மொழியில் சரளமாக வருகிறதோ அந்த மொழியில்தான் அது கிடைக்கும். நாம் தட்டுத்தடுமாறிப் பேசும் ஆங்கிலத்தில் 'ஈட்', 'கம்', 'ஸ்லீப்' மட்டும்தான் மிஞ்சும். என் மாமியாருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். தமிழை நிறுத்தியிருந்தால் வீட்டில் அதிகம் பேசுகிற ஆளையே என் மகள் இழந்திருப்பாள். ஒரு மொழியில் வாக்கியம் கட்டப் பழகிய பிள்ளை அந்தப் பலத்தோடு அடுத்த மொழிக்குப் போகிறது. மேல் வகுப்பில் இரண்டாம், மூன்றாம் மொழி பாரமானால் விலக்கு கேட்கலாம். தேர்வில் கூடுதல் நேரத்தோடு அந்த விலக்கையும் 2016 சட்டத்தின் 17-வது பிரிவே குறிப்பிடுகிறது. பாரத்தைக் குறைப்பதென்றால் அங்கே குறையுங்கள், வீட்டில் வேண்டாம்.

கேலி நடக்கும். மோல்டு தளர்ந்தால் கருவி விசில் அடிக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். வளரும் காதுக்கு மோல்டு அடிக்கடி மாற்ற வேண்டும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். ஆடியாலஜிஸ்டுகள் கருவியைச் சோதிக்க வைத்திருக்கும் ஸ்டெத் மாதிரிக் குழாயை, லிங் சோதனை செய்த அந்த மிஸ் ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுவந்து, எல்லாரையும் என் மகளின் கருவி வழியாகக் கேட்க வைத்தார். "இவ்வளவு சத்தமா உனக்குக் கேக்குது?" என்று அசந்துபோனவர்களில் இரண்டு பேர் இன்றும் அவள் தோழிகள்.

நல்ல கருவி போட்டும், அறுவை சிகிச்சை செய்து காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற உள்காதுக் கருவி வைத்தும் பேச்சு பிடிபடாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சைகை மொழியில் கற்றுத்தரும் பள்ளிதான் நல்லது. புரியாத வகுப்பில் பேசாமல் உட்கார வைப்பதைவிட, புரியும் மொழியில் படிக்க வைப்பது எவ்வளவோ மேல். அங்கே சேர்ப்பதைத் தோல்வி என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். உங்கள் மகன் தமிழ் பேசுகிறான் என்பதால்தான் சாதாரணப் பள்ளி என்கிறேன்.

பாந்த்ரா ரெக்ளமேஷனில் பேச்சு, கேட்கும் திறன் குறைபாடுகளுக்கான அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது, 1983-ல் தொடங்கியது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் அங்கே புதிய ஆடியோகிராம் எடுத்துவிடுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது மழையும் வந்துவிடும். ஈரத்தில் கருவி கெடும், அதனால் சிலிக்கா ஜெல் போட்ட உலர் டப்பா ஒன்று வீட்டிலும், மாற்று பேட்டரி ஒரு செட் வகுப்பாசிரியரின் மேசையிலும் இருக்கட்டும்.