குன்றல் பகுப்பு: சேலம் மாவட்ட வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வாழப்பாடி, பதினொன்றாம் வகுப்பு மாணவி: மைட்டாசிஸுக்கு முன்பும் டி.என்.ஏ. இரட்டிக்கிறதே. குன்றல் பகுப்புக்கான ஆயத்தத்தில் என்ன தனித்தன்மை இருக்கிறது?

பதில்: மைட்டாசிஸ் உடலின் சாதாரணச் செல் பகுப்பு; குன்றல் பகுப்போ அடுத்தடுத்த இரு பிரிவுகளில் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கி, விந்து, முட்டை போன்ற பாலணுக்களைத் தருவது. இரண்டுக்கும் முன்பு டி.என்.ஏ. ஒரு முறையே இரட்டிக்கிறது. ஆயினும் குன்றல் பகுப்புக்கு முந்தைய இரட்டிப்பு பொதுவாகக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்கிறது. ஒரு குரோமோசோமின் இரட்டித்த இரு நகல்களான சகோதரி குரோமாட்டிடுகளைப் பிணைக்கும் கொஹீசின் புரதத் தொகுதியில் ரெக்8 என்னும் தனி உறுப்பு அப்போதே இடம்பெறுகிறது. பாடங்கள் ஒரு வரியில் கடந்துபோகும் இந்தக் கட்டத்தைத்தான் நான் முதன்மையானதாகக் கருதுகிறேன். முதல் பிரிவில் குரோமோசோமின் கைகளில் உள்ள பிணைப்பு மட்டும் அறுபட, குரோமோசோமின் இடுக்குப் பகுதியான சென்ட்ரோமியரை ஒட்டிய பிணைப்பை ஷுகோஷின் என்னும் புரதம் காப்பதால், சகோதரிகள் ஒன்றாகவே செல்லின் ஒரு துருவத்துக்குச் செல்கின்றன. அந்தக் காவல் நீங்கிய பின்னர், இரண்டாம் பிரிவில்தான் அவை பிரிகின்றன.

அஸ்தம்பட்டி, ஆசிரியர்: குறுக்கேற்றம் மரபுப் பண்புகளைக் கலப்பதற்காக மட்டும்தான் நிகழ்கிறதா?

பதில்: இல்லை. தாய்வழி, தந்தைவழி இணை குரோமோசோம்கள் தம் துண்டுகளைப் பரிமாறிக்கொள்வதே குறுக்கேற்றம். ஸ்போ11 என்னும் புரதம் டி.என்.ஏ.வைப் பல இடங்களில் இரண்டு இழைகளும் அறுபடுமாறு வெட்டுகிறது. அவற்றுள் சில வெட்டுகள் இணை குரோமோசோமுடன் குறுக்கேற்றமாக முடிகின்றன. அதனால் உண்டாகும் கயாஸ்மா என்னும் இணைப்பிடமே, கதிர்க்கோல் இழைகள் எதிரெதிர்த் திசைகளில் இழுக்கும்போது இணைகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. குறுக்கேற்றமே இல்லாமல் இணைகளை ஒழுங்காகப் பிரிக்கும் ஆண் பழ ஈ இதற்கு விதிவிலக்கு.

ஆத்தூர், இல்லத்தரசி: தாயின் வயது கூடும்போது குழந்தைக்கு டவுன் நோய்க்குறி வரும் வாய்ப்பு ஏன் கூடுகிறது?

பதில்: பெண்ணின் முட்டைச் செல்கள், அவர் தம் தாயின் கருவில் இருக்கும்போதே குன்றல் பகுப்பைத் தொடங்கி, முதல் பிரிவின் தொடக்கக் கட்டமான புரோஃபேஸில் நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகள் காத்திருப்பதில் கொஹீசின் பிணைப்பு தளர்வது, 21ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாமல் போவதற்கு ஒரு முக்கியக் காரணம்; அந்தக் குரோமோசோம் குழந்தைக்குக் கூடுதலாக அமைவதால்தான் டவுன் நோய்க்குறி வருகிறது. இதில் தாயின் தவறு எதுவும் இல்லை.

ஏற்காடு, காபித் தோட்டக்காரர்: அராபிகாவும் ரோபஸ்டாவும் கலந்த செடி நன்றாகப் பூத்தும் காய் மிகக் குறைவாகவே பிடிப்பது ஏன்?

பதில்: அராபிகாவில் 44 குரோமோசோம்களும் ரோபஸ்டாவில் 22 குரோமோசோம்களும் உள்ளன. அவற்றின் பாலணுக்கள் முறையே 22, 11 எனத் தருவதால், கலப்புச் செடிக்கு 33 கிடைக்கின்றன. பதினொன்று கொண்ட மூன்று தொகுதிகள் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒழுங்கான இணை அமைவதில்லை. இணையற்றவை ஏதேனும் ஒரு துருவத்துக்குப் போய்ச் சேர்வதால் பாலணுக்கள் பெரும்பாலும் மலடாகின்றன. பூவன், ரஸ்தாளி வாழைகளிலும் இதே 33தான்; அவற்றில் விதை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், தைமூர் தீவில் 1920களில் கண்டறியப்பட்ட இயற்கைக் கலப்புக் காபிக்கு 44 குரோமோசோம்கள் இருந்தன. ரோபஸ்டாவின் பாலணு ஒன்று எண்ணிக்கை குன்றாமல் 22 குரோமோசோம்களையும் சுமந்து வந்ததே காரணம் என்று விளக்குகிறார்கள். இலைத்துரு நோயை எதிர்க்கும் திறனுக்காக வளர்க்கப்பட்ட ‘காவேரி’ ரகம் அந்தக் கலப்பின் வழிவந்ததுதான்.