லேப்டாப் நாள் முழுக்கச் சார்ஜரிலேயே இருக்கலாமா?

கேள்வி: புது லேப்டாப் வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. வீட்டிலிருந்தே வேலை என்பதால் எந்நேரமும் சார்ஜர் மாட்டித்தான் இருக்கும். அப்படி வைத்தால் பேட்டரி கெட்டுவிடும், வாரம் ஒரு முறையாவது சுத்தமாகத் தீரவிட்டு 100 சதவீதம் ஏற்ற வேண்டும் என்கிறார் நண்பர். பழைய லேப்டாப்பின் பேட்டரி இரண்டே வருடத்தில் அரை மணி நேரம்கூடத் தாங்காமல் போனது. இதற்கும் அந்தக் கதி வரக்கூடாது. என்ன செய்வது?

பதில்: சுத்தமாகத் தீரவிடுவது நிக்கல்-காட்மியம் பேட்டரிக் காலத்துப் பழக்கம். இன்றைய லேப்டாப்புகளில் இருப்பது லித்தியம் அயன். 1991இல் விற்பனைக்கு வந்த இந்த வகைக்கு அது தேவையில்லை. அடிக்கடி பூஜ்யம்வரை இறக்குவதுதான் அதற்குக் கெடுதல். 20 சதவீதத்துக்குக் கீழே போகுமுன் சார்ஜரை மாட்டிவிடுங்கள். பாதி பாதியாக ஏற்றலாமா என்ற தயக்கமும் வேண்டாம்: 50 சதவீதம் செலவழித்து ஏற்றுவதை இரண்டு முறை செய்தால்தான் ஒரு சுழற்சி, அதாவது முழு பேட்டரியையும் ஒரு முறை செலவழித்து ஏற்றியது என்று கணக்கு.

சார்ஜர் விஷயத்தில் நண்பர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பேட்டரி நிறைந்ததும் லேப்டாப்பே சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடும். அளவுக்கு மீறி ஏறிவிடும் என்ற பயம் வேண்டாம். ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் செல் ஒவ்வொன்றும் முழுதாக நிறைந்திருக்கும்போது அதன் மின்னழுத்தம் 4.2 வோல்ட் அல்லது அதற்குச் சற்று மேல். அந்த உச்சத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும்போது உள்ளே வேண்டாத வேதிவினைகள் நடந்து கொள்ளளவு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சூடும் சேர்ந்துகொண்டால் இன்னும் வேகமாகக் குறையும். உங்கள் பழைய பேட்டரியும் பெரும்பாலும் இப்படித்தான் போயிருக்கும்.

இதற்கு வழி உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கலாம். லெனோவோ, ஆசுஸ், டெல் போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில், 80 சதவீதம் அல்லது அதை ஒட்டிய அளவோடு சார்ஜை நிறுத்திவைக்கும் வசதியை அவர்களுடைய செயலியிலோ பயாஸிலோ (லேப்டாப்பை இயக்கியதும் விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புகள்) கொடுத்திருக்கிறார்கள். உங்களைப் போல நாள் முழுக்க மாட்டி வைப்பவர்கள் இன்றைக்கே அதைப் போட்டுவிட வேண்டும். பயணம் கிளம்பும் நாளில் மட்டும் எடுத்துவிட்டு முழுதாக ஏற்றிக்கொள்ளுங்கள்.

சூட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். மெத்தை, தலையணை மேல் வைத்தால் காற்றுப்போகும் துளைகள் அடைபடும். கடினமான பரப்பில் வையுங்கள், மின்விசிறித் துளைகளில் தூசி சேரவிடாதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். சில மாதம் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதியளவு சார்ஜோடு அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

இத்தனை செய்தாலும் பேட்டரிக்கு வயதாகத்தான் செய்யும். விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, தயாரிப்பின்போது இருந்த கொள்ளளவையும் இப்போது முழு சார்ஜில் நிற்கும் கொள்ளளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பாதிக்கு வந்துவிட்டால் மாற்றிவிடலாம். சும்மா இருந்தாலும் பேட்டரிக்கு வயதாகும் என்பதால், வாங்கும்போது தயாரிப்புத் தேதியைக் கேளுங்கள். பல வருடம் இருப்பில் கிடந்ததை வாங்காதீர்கள்.

எப்போதாவது டச்பேட் மேலெழும்பியோ அடிப்பக்கம் உப்பியோ தெரிந்தால் கொள்ளளவையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே சார்ஜரைக் கழற்றி, லேப்டாப்பை அணைத்து, சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.